ஞாயிற்றுக்கிழமை நிலம்

நான் எடுத்துக்கொண்டு வந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “இது என்னா, தரையா?” என்று கேட்டார். மல்லாந்து படுத்தபடி கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடி சின்னதாக்கிப் பார்த்தார். முளைத்துப் பத்து நாளான மல்லாட்டைச் செடிகளை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) உச்சி வெயிலில், நின்ற இடத்திலிருந்து குனியக்கூடச் செய்யாமல் எடுத்த படம் அது. மண்ணும் வெளுப்பு, செடியும் வெளுப்பு. ஒரு மூலையில் என் புடவைக் கரை. பெருமுக்கல் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வேகாத வெயிலில் நடந்து, எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்? “தரதான். நல்லா பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சிறிது நேரம் கழித்துக் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். “அடுத்த வாரம் காலையிலயே போ. எட்டு மணிக்குள்ள. வெயிலு சாஞ்சி வுழுந்தாத்தான் சாலு தெரியும்.”

அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு கேமராவைக் கையில் பிடித்தவரில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றரை ஏக்கர்தான். என் அப்பா கல்யாணத்தின்போது என் பெயருக்கு எழுதிவைத்த நிலம் அது, பாதி சரளைக்கல். அவருடைய வீட்டாருக்குச் சொந்தமாக ஒரு காணி கிடையாது, தலைமுறையாய் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். தாலி கட்டிய மறு மாதமே கூடையும் கடப்பாரையுமாக இறங்கி, இரண்டு வருடம் கல் பொறுக்கி, அதை நிலமாக்கினார். பத்திரத்தில் என் பெயர் இருந்தாலும் ஊரில் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிடுவார்கள்.

ஒரு மாசி மாதம் வைக்கோல் லோடின் மேலே நின்று கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து பின்பக்கமாக விழுந்தார். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. வந்தாலும் வரலாம், இன்னொரு முறை ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். ஊரில் இருந்த வீட்டில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டு நான் வேலைக்குப் போக முடியாது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. பள்ளிக்குப் பின் தெருவிலேயே வாடகைக்கு வீடு கிடைத்தது, ஆனால் மாடியில். கீழ் வீடு இரண்டு மாதத்தில் காலியாகிவிடும், மாறிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். காலியாகவே இல்லை.

அந்த மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆள் ஏறினால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு திருப்பம். ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் வளையாது. அவரைப் பெட்ஷீட்டில் கிடத்தி நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற்றினார்கள். ஏற்றும்போது திருப்பத்தில் அவருடைய தோள் சுவரில் உரசிச் சட்டை கிழிந்தது. கட்டிலில் கிடத்தியதும், “இன்னொரு வாட்டி என்ன இப்பிடி மூட்ட மாதிரி தூக்க வெக்காத” என்றார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் அவர் மறுபடி இறங்கச் சம்மதிக்கவில்லை. கட்டிலுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், அடுத்த கட்டடத்தின் பூசாத சுவர். அதில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான் அவருக்கு உலகம்.

எனக்கு மட்டும் பெரிய உலகமா என்ன? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பள்ளியில் மணி அடிக்கும்போதெல்லாம் தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். புரட்டுவேன், மூத்திரப் பையை மாற்றுவேன், தண்ணீர் கொடுப்பேன், ஓடுவேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சம்பந்தமில்லாத விஷயத்துக்கெல்லாம் கத்துவேன். டம்ளர் கீழே விழுந்தால் கத்துவேன். அவர் கூப்பிட்டால் கத்துவேன், கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று கத்துவேன். கத்திவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் முதல் பஸ்ஸில் வந்து சாயங்காலம் வரை அப்பாவுடன் இருப்பாள். நிலத்தைப் பக்கத்து நிலத்து அக்கா விளைச்சலில் பாதி என்று வாரத்துக்கு எடுத்து ஆடியில் மல்லாட்டை போட்டிருந்தார். “ஒரு எட்டு பாத்துட்டு, போட்டா எடுத்துக்கினு வாயேன்” என்று இவர் கேட்டதில்தான் இது ஆரம்பித்தது.

இரண்டாவது வாரம் காலையில் போனேன். அவர் சொன்னது சரிதான். கிழக்கிலிருந்து சாய்ந்து வந்த வெயிலில் ஒவ்வொரு உழவுச் சாலுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். நிலம் மூச்சு விடுவதுபோல் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினேன். “சரி, செடி எம்மாம் ஒசரம்?” என்றார். சொல்லத் தெரியவில்லை. “நீ நின்னுக்கினு எடுத்தா செடி தலதான் தெரியும். குந்து. செடிக்கு நேரா போன வெச்சி எடு. பக்கத்துல உன் கையையாவது காலையாவது வெய்யி, அப்பத்தான் எனக்கு அளவு தெரியும்.” அடுத்த வாரம் குந்தி எடுத்தேன். செடிக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றி வைத்தேன். அதைப் பார்த்துதான் முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு குறை, ஒரு யோசனை. தூரத்தில் இருப்பதை விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதே, புள்ளி புள்ளியாகப் போய்விடுகிறது, உனக்குத்தான் கால் இருக்கிறதே, கிட்டே நடந்து போய் எடு என்பார். எனக்குத்தான் கால் இருக்கிறது என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. இலையின் பச்சை சரியாகத் தெரியவேண்டுமென்றால் மேகம் மூடிய நேரத்தில் எடு, வெயிலில் எல்லாப் பச்சையும் மஞ்சளாகத் தெரிகிறது, எது நோய் எது வெளிச்சம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பார். பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து அடிப்பக்கமிருந்து எடுக்கச் சொன்னார். அப்படி எடுத்த படத்தில் இலையின் நரம்பெல்லாம் விளக்கேற்றியதுபோல் தெரிந்தது. காற்று அடித்தால் அவசரப்படாதே, காற்று ஒரு நேரம் நிற்கும், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள் என்பார். ஒருநாள் படமெல்லாம் புகை மூட்டமாக இருந்தது. “சமச்ச கையோட போனத் தொட்டுட்டு எடுத்தியா? அந்தக் கண்ணாடியத் தொடச்சிட்டு எடு” என்றார். அன்றிலிருந்து எடுக்கும் முன் புடவைத் தலைப்பால் துடைப்பது பழக்கமானது.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்று சொன்னார். ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். கிழக்கு வரப்பில் ஒரு கல் உண்டு, அதில் ஏறி நின்று மேற்கே பார்த்து, பின்னால் பெருமுக்கல் மலையும் மேலே கோயிலும் தெரியும்படி ஒவ்வொரு வாரமும் ஒரு படம். “அப்பத்தான் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்னா மாறியிருக்குன்னு எனக்கு தெரியும். பின்னால என்னா நிக்கிதுன்னு பாத்து எடு.”

கார்த்திகையில் நிலத்தை விற்றேன்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு வேறு வழி தெரியவில்லை. மகளிடம் சொன்னேன். “அப்பாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு” என்றாள். சொல்லக்கூடாது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் நானும் காத்திருந்தேன்போல. ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு, பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தேன். அவர் அன்று என் முகத்தைப் பார்த்து, “வெயில்ல அலஞ்சியா?” என்று மட்டும் கேட்டார். மார்கழி முழுக்க விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அந்தச் செலவுக்கு எப்படி ஏற்பாடு செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததை அப்போது நான் கவனிக்கவும் இல்லை. ஆபரேஷனால் எதுவும் மாறவில்லை. மறுபடி பெட்ஷீட், மறுபடி நான்கு பேர், மறுபடி அந்தத் திருப்பம்.

தை பிறந்ததும், “நெலம் எப்பிடி இருக்கு? அக்கா வெத போட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

போனேன். வேறென்ன செய்வது? வாங்கியவர்கள் அதற்குள் வரப்பையெல்லாம் தள்ளிச் சமப்படுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். நான் ஏறி நிற்கும் கல்லைக் காணவில்லை. கொடிக் கம்பங்களில் கலர் கலராய்த் துணி பறந்துகொண்டிருந்தது. அதற்கு வடக்கே, பக்கத்து நிலத்து அக்காவின் சொந்த நிலத்தில் மல்லாட்டை முளைத்திருந்தது. அதே மண், அதே விதை. நான் அந்த நிலத்தில் இறங்கிக் குந்தினேன். அக்கா மோட்டார் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாடி பண்ற?” என்றார்.

“அவருக்குப் படம்.”

அக்கா தெற்கே பறந்த கொடிகளைப் பார்த்தார். பிறகு, “எத்தினி நாளைக்கி இப்பிடி எடுத்துக்கினு போவ?” என்றார். நான் அடுத்த சாலுக்கு நகர்ந்து குந்தினேன்.

நான் பொய் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் என் படங்கள் நன்றாக வர ஆரம்பித்தன. இதை ஒப்புக்கொள்ள இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தெற்கே கற்கள் தெரியக்கூடாது, கொடி தெரியக்கூடாது, இடது ஓரத்தில் வரும் விளம்பரப் பலகையின் கால் தெரியக்கூடாது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று ஒவ்வொரு படத்துக்கும் யோசித்தேன். நாலு மூலையையும் கண்ணால் சுற்றிவந்து பார்த்த பிறகுதான் பட்டனைத் தொடுவேன். இன்னும் தாழக் குந்தினால் செடியே முன்னால் நின்று பின்னால் இருப்பதை மறைத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டேன். பனி உலராத நேரத்தில் போனால் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கிவிடும் என்று தெரிந்துகொண்டேன். மலையை மட்டும் விடாமல் சேர்த்தேன். மலையும் கோயிலும் தெரிந்தால் அவர் சந்தேகப்பட மாட்டார் என்று நினைத்தேன்.

அவரும் பழையபடியே ஒவ்வொரு படமாகப் பார்த்தார். செடி நெருக்கமாக இருக்கிறது, கலைக்கச் சொல் என்பார். நாற்பது நாள் தாண்டிவிட்டது, ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல் என்பார். நான் அக்காவிடம் சொல்வேன். பொய் நிலத்துக்குச் சொன்ன யோசனையை அக்கா உண்மையாகவே செய்தார். படம் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. ஆனால் முன்பைவிட நேரம் எடுத்துப் பார்த்தார். அவர் ஒவ்வொரு படத்தையும் தள்ளும்போது நான் கதவோரம் நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது ஒரு படத்தில் ஒரு மஞ்சள் கல் எட்டிப் பார்த்துவிடுமோ என்று பயப்படுவேன். அந்த வீட்டில் அவர் கட்டிலோடு கிடந்தார். நான் அந்தப் படங்களோடு கிடந்தேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். நிறுத்தாவிட்டால் என்றைக்காவது தெரிந்துவிடும். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவரைப் புரட்டும்போது, முகம் தெரியாத பக்கமாக அவர் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். முதுகைத் துடைத்து முடிப்பதற்குள் தைரியம் போய்விடும்.

ஏழு மாதம் இப்படி ஓடியது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாய் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு, மகள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும் போயிருப்பேன்.

“இன்னிக்கி போவாத” என்றார் கட்டிலிலிருந்து.

“ஒன்னும் இல்ல, போயிட்டு ஜல்தியா வந்துடறேன்.”

“காய்ச்சலோட எதுக்கு போற? அது என்னா நம்ம நெலமா?”

மகள் அடுப்படியில் பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது. நான் செருப்பைப் போட்டபடி நின்றேன்.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“தையிலயே. மலமேல கோயிலுக்குப் பின்னால ஒரு உருண்ட பாற கீது. நம்ம வரப்புலேர்ந்து பாத்தா அது கோயிலுக்குப் பின்னால மறஞ்சிக்கும், தெரியாது. நீ எடுத்தாந்த படத்துல கோயிலுக்கு சோத்தாங்கைப் பக்கம் தனியா தெரிது. ஒரு நெலம் வடக்கால போனாத்தான் அப்பிடி தெரியும்.” தலையை என் பக்கம் திருப்பி, “அங்க நின்னு எடுக்க என்னா அவசியம் வந்துதுன்னு யோசிச்சேன். ஆஸ்பத்திரிக்கிப் பணம் எங்கேர்ந்து வந்துதுன்னு அப்பத்தான் புரிஞ்சிது” என்றார்.

நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. எனக்கு வந்தது கோபம். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அது மறந்துபோனது.

“ஏழு மாசமா நான் பொய் சொல்றதப் பாத்துக்கினு படுத்திருந்தியா நீ? வாரா வாரம் நான் செத்துப் பொழச்சிக்கினு வந்து நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“வேற எதப் பாக்கச் சொல்ற? இந்த செவுத்தயா?”

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். ஜன்னலைக் காட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் கேட்டிருந்தா நீ போறத நிறுத்தியிருப்ப. நீ போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கிக் கத்தாம இருப்ப. எதுக்குக் கெடுக்கணும்?”

அன்று நான் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். மதியம் அவரைப் புரட்டும்போது, “வித்தது தப்பில்ல. சொல்லாததுதான்...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. அவரும்தான் சொல்லாமல் இருந்தார்.

புரட்டாசியில் நான்தான் கேட்டேன். “ஒரே ஒரு தடவ எறங்கி வாங்க. நேர்ல பாத்துடுங்க. அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்.” ஒரு வாரம் போனது. பிறகு, “பெட்ஷீட்டுல வேணாம். நாற்காலியில ஒக்கார வெச்சித் தூக்குவாங்களா?” என்றார். பள்ளி வேன் டிரைவரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சோடும் தொடையோடும் துண்டால் கட்டினோம். திருப்பத்தில் நாற்காலியைச் சாய்த்து, ஒருவர் தலைக்கு மேலே தூக்கி, ஒருவர் படியில் உட்கார்ந்து தாங்கி, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தெருவுக்கு வந்ததும் வெளிச்சம் பட்டுக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அழுவல, கூசுது” என்று யாரும் கேட்காமலே டிரைவரிடம் சொன்னார்.

அக்காவின் நிலத்தில், கிழக்கு வரப்பை ஒட்டி நாற்காலியை வைத்தோம். காலை ஏழரை மணி வெயில். ஆடியில் போட்ட மல்லாட்டை இரண்டாம் போகமாக நன்றாகப் படர்ந்திருந்தது. அவர் முதலில் தெற்கே பார்த்தார். மஞ்சள் கற்கள். முள்வேலி போட்ட இரண்டு மனைகள். ஒரு வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. சாரத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் நின்றிருந்ததால் முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது. வெகு நேரம் அது திரும்பவில்லை.

அக்கா சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். “இந்தா தம்பி. நீ சொல்லியனுப்பினபடி ஜிப்சம் போட்டேன். போன போகம் காய் எப்பிடிப் புடிச்சிதுன்ற! உன் பொண்டாட்டி பொய்யி எனக்குத்தான் பலிச்சிது.”

அவர் சிரித்துவிட்டார். மோர் புரையேறியது. “யக்கா, ரெண்டாம் சாலுல உன் மோட்டார் கொட்டாயாண்ட எல மஞ்சளிச்சிக் கெடக்குது பாரு. போன மாசமே படத்துல பாத்தேன், உன் கொட்டாயச் சொல்லாம எடத்தக் காட்ட முடில. இவ சொன்ன பொய்ய நானும் காப்பாத்தணுமே.”

கிளம்பும் நேரத்தில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “போனக் குடு. ஒன்னு நான் எடுக்கறேன். நீ அப்பிடி போயி நில்லு. இன்னும் பின்னால. நில்லு.” எங்கே தொடுவது என்று கேட்டார். டிரைவர் காட்டினார். நேரே வெயில் அடித்ததில் எனக்குக் கண் திறக்க முடியவில்லை. “சிரிக்கல்லாம் வேணாம், சும்மா நில்லு” என்றார். எடுத்துவிட்டுப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி அந்தப் படி. ஏற்றுவது இறக்குவதைவிடக் கஷ்டம். மேலே வந்து கட்டிலில் கிடத்தி, எல்லோரும் காபி குடித்துப் போன பிறகு, ஜன்னலுக்கு எதிரே அதே சுவர், அதே குழாய். இன்னொரு தடவை போகலாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நான்கு பேரை மறுபடி எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நானும் தயங்கியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் நிற்கவில்லை. “இனிமே எதயும் மறைக்காத. எல்லாத்தயும் சேத்து எடு” என்றார். கற்களையும் கொடிகளையும் சேர்த்து எடுத்தேன். எழும்பிக்கொண்டிருந்த அந்த வீட்டை எடுத்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் படங்கள் முன்பு போல அழகாக இல்லை. அவர் அந்த வீட்டைக் கவனமாகப் பின்தொடர்ந்தார். “தளம் போட்டுட்டானா? செவுத்துல வெடிப்பு தெரிதே, கிட்ட போயி எடு” என்பார். முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வந்தால் காற்று வரும் என்று என்னிடம் விளக்குவார். அந்த நிலத்தில் காற்று எந்தப் பக்கம் வரும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பங்குனியில், முதுகுப் புண்ணில் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறியது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் இல்லை.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும் என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கைபேசியில் ஆயிரத்துக்கு மேல் படங்கள் இருந்தன. இலை, சால், பூ, பூச்சி ஓட்டை, மலை, கோயில், மஞ்சள் கல், யாரோ ஒருவருடைய வீடு. அவர் ஒன்றில்கூட இல்லை. ஊர் வீட்டில் விட்டுவந்த கல்யாண ஆல்பங்களைக் கரையான் தின்றிருந்தது. கட்டிலில் கிடக்கும் கோலத்தில் எடுக்கக்கூடாது என்று எடுக்காமலே இருந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்த அன்றைக்கு எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அடையாள அட்டையில் இருந்த, யாரோ போல இருக்கும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பேனர் அடித்தார்கள்.

நான் இன்னும் அந்த மாடி வீட்டில்தான் இருக்கிறேன். கீழ் வீடு போன மாதம் காலியானது. வீட்டுக்காரம்மா மாறிக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது புரட்டிப் படுக்க வைக்க யாரும் இல்லை. இருந்தும் பள்ளியில் மணி அடித்தால் என் கால் நாற்காலியிலிருந்து தானாக எழுந்துகொள்கிறது.

பள்ளியில் விளையாட்டு விழா, மரம் நடும் விழா என்று எது வந்தாலும் படம் எடுக்கும் வேலை என்னுடையதாகிவிட்டது. வெளியில் எடுத்தால் எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வெளுத்து வருகிறது என்று டீச்சர்கள் கேட்பார்கள். சொல்லித் தருவேன். மதியத்தில் எடுக்காதீர்கள், பிள்ளைகள் உயரத்துக்குக் குந்துங்கள், கிட்டே நடந்து போங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள், நாலு மூலையையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். யாரிடம் கற்றேன் என்று கேட்டால் வீட்டுக்காரரிடம் என்பேன். அவர் போட்டோகிராபரா என்பார்கள்.

ஒன்றை மட்டும் நான் சொல்லித் தருவதில்லை. முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது எடுப்பவர் நிழல் படத்துக்குள் விழும், அது விழாமல் தள்ளி நிற்க வேண்டும் என்பது. அது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அன்று அவர் எடுத்த படத்தில் மலை சாய்ந்திருக்கிறது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவள்போல் நிற்கிறேன். மல்லாட்டைச் செடிகளின் மேல் ஒரு நாற்காலியின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. அதில் ஒரு தலை, இரண்டு பக்கமும் தூக்கிய முழங்கை. அந்தத் தலை என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது.

அவருடைய படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.